தங்கச்சிக்குக் கறந்த பால்

எங்க வீட்டுல நான்தான் முதல்ல எந்திரிப்பேன், டாக்டரம்மா. சாணி அள்ளி, மாடு கறந்து, அடுப்பு மூட்டுன பொறவுதான் மத்தவுக முழிப்பாவ.

நீங்க கேட்டதுக்கு வாரேன். சுந்தரம்மா என் கூடப்பிறந்த தங்கச்சி. எனக்குப் பிள்ளை தங்கலைன்னு எங்க வீட்டுக்காரவியளுக்கு அவளை ரெண்டாந்தாரமாக் கட்டி வச்சதே நான்தான். வெளியிலருந்து ஒருத்தி வந்தா என்னை விரட்டிருவாள்ல. மகாராஜபுரமே என் மனசைப் பெருமையாப் பேசுச்சு.

வந்த வேகத்துல அவ முழுகாம இருந்தா. அதுவரைக்கும் "மாடத்தி, சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு உக்காருத மனுசன், அதுக்குப் பொறவு "சுந்தரம் சாப்பிட்டாளா"ன்னு கேட்டாவ. என்கிட்டயே. வத்திராயிருப்பு போனா அவளுக்கு மட்டும் மாங்கா வாங்கியாருவாவ. நான்தான் உப்பும் மொளகாப்பொடியும் போட்டு நறுக்கிக் கொடுப்பேன்.

அந்தச் சமயத்துல, எண்பத்தாறுல, எங்க ஜெர்சி மாடு நாள் முந்தியே செத்த கன்னைப் போட்டுச்சு. மாட்டு டாக்டர் வந்து பாத்தாவ. இது ஒட்டுத சீக்கு, மனுசருக்கும் வரும், பாலை நல்லாக் கொதிக்க வைக்கணும், மாசமா இருக்கவ தொழுவத்துப் பக்கமே வரக்கூடாதுன்னாவ. அப்ப வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். சரிங்கய்யான்னேன். யார்கிட்டயும் சொல்லலை.

எங்களுக்குக் காய்ச்சித்தான் குடிச்சோம். மிச்சம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குப் போவும். அங்க எப்படியும் கொதிச்சிரும். ஊரான் வீட்டுக்கு நான் கெடுதல் நினைக்கலை.

அவளுக்கு மட்டும் கறந்த சூட்டோட கொடுத்தேன்.

"எனக்கு ஏங்க்கா காய்ச்சாமத் தாரே?"ன்னு ஒருநா கேட்டா.

"பிள்ளைக்குத் தெம்புடி. குடி."

கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சா. ஒதட்டுல இருந்த நுரையை நான்தான் முந்தானையால துடைச்சுவிட்டேன்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு. ஆறாம் மாசம் பிள்ளை செத்துப் பொறந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை. அவ என் மடியில கிடந்துதான் அழுதா. எங்க வீட்டுக்காரவிய என் பக்கத்துல உக்காந்து, "நீ இல்லாட்டி இவளை யாரு பாப்பா, மாடத்தி"ன்னாவ. எம்புட்டோ நாளைக்குப் பொறவு என் பேரைச் சொன்னாவ. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்குச்சு.

அந்த மாட்டை வித்தாச்சு. ரெண்டு வருசம் கழிச்சு இப்ப அவ மறுபடியும் உண்டானா. அவிய மறுபடியும் மாங்கா வாங்கியாந்தாவ. நல்ல மாடு ஒண்ணு பிடிச்சாரேன்னு நானே கிளம்பினேன். யாரு வீட்டு மாடு நாள் முந்திச் செத்த கன்னு போட்டுருக்குன்னு ஊர் ஊராக் கேட்டேன். இருக்கங்குடிப் பக்கம் ஒண்ணு கிடைச்சுச்சு. மடி நல்ல மடி.

அதான் இந்தப் பிள்ளையும் போச்சு. ரத்தத்துல மாட்டுச் சீக்கு இருக்குன்னு நீங்க கண்டுபிடிச்சது சரிதான். ரெண்டு தடவையும் தெரிஞ்சுதான் கொடுத்தேன்.

ஆனா எனக்குப் பொறாமைன்னு மட்டும் எழுதிராதீக. அங்க வார்டுல என்னைக் காணாம அழுதுக்கிட்டு இருப்பா. செத்த நேரம் விட்டீகன்னா கஞ்சி ஊட்டிட்டு வந்துருதேன். வேற யாரு கையாலயும் அவ குடிக்க மாட்டா.