கூப்பிடும் பெட்டி, காத்திருக்கும் பெட்டி

நீல்: பெட்டி கையில சுடுது நிம்மி. இது சுடணுமா?

நிம்மி: ஸ்வல்ப சுடும் அண்ணா. ரெண்டு ஏரியல் வச்ச ரௌட்டர்தான் அது, குண்டு இல்ல. வாசக் கதவைத் தாழ் போட்டியா?

நீல்: போட்... போட்டாச்சு.

நிம்மி: ஜன்னல்? எதிர்வீட்டு ரங்கம்மா உன்னைப் பார்த்தா உடனே அவருக்குப் போன் போட்டுடுவாங்க.

நீல்: திரை இழுத்துவிட்டிருக்கு. உன்னை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்ல.

நிம்மி: சரி. டிவிக்குப் பின்னாடி கிரிஸ் வச்ச வெள்ளை ரௌட்டர் இருக்கும். அதுல எந்த பட்டனையும் அமுக்காதே. அதுலேர்ந்து ஒரு கேபிள் நம்ம பெட்டிக்கு. நம்ம பெட்டியிலேர்ந்து இன்னொரு கேபிள் என் பழைய லேப்டாப்புக்கு.

நீல்: உன் புருஷன் ரௌட்டரை நான் ஏன் அமுக்கறேன்... ம், மாட்டியாச்சு. க்ளிக்னு சத்தம் வந்துச்சு. அய்யோ இரு, இரு! புதுசா எதையாவது மாட்டினா அவர் போனுக்குத் தகவல் போகும்னு சொன்னியே!

நிம்மி: போகாது. அந்த வீட்ல முன்னாடி ஒரு பிரிண்டர் இருந்துச்சுல்ல? அதோட அடையாள நம்பரை இந்தப் பெட்டிக்குக் கொடுத்து வச்சிருக்கேன். செத்துப்போன பிரிண்டர் திரும்ப வந்திருக்குன்னு வெள்ளை ரௌட்டர் நினைச்சுக்கும்.

நீல்: களவாணி.

நிம்மி: நாலு வருஷம் யாரோட குடித்தனம் பண்ணினேன்? கத்துக்கிட்டேன்.

நீல்: ...

நிம்மி: அண்ணா? ஏன் பேச மாட்டேங்கற?

நீல்: ஒண்ணுமில்ல. லேப்டாப் தொறக்குது. ஆமா... நீ இப்போ எங்க இருக்க?

நிம்மி: அதைக் கேக்காதேன்னு காலையிலயே சொன்னேன்ல.

நீல்: கூடப்பிறந்தவன்கிட்டகூட சொல்ல மாட்டியா?

நிம்மி: தெரியாம இருக்கறவரைக்கும் உனக்கு நல்லது. ஸ்க்ரீன்ல என்ன தெரியுது, அதைச் சொல்லு.

நீல்: நீல கலர்ல ஒரு பக்கம். நீ எழுதிக்கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டேன். உள்ள வந்துட்டேன். நிம்மி, ஒண்ணு கேக்கறேன், திட்டாதே. உன் போனை இந்த வீட்லயே விட்டுட்டுப் போயிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே? எதுக்கு இவ்வளவு கூத்து?

நிம்மி: அவர் வீடியோ கால் போட்டா யார் எடுக்கறது? நீயா? மீசையோடயா?

நீல்: ...அதுவும் சரிதான்.

நிம்மி: போன் என் கையில இருக்கணும். ஆனா வீட்ல இருக்கற மாதிரி தெரியணும். ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டு அந்த ஆப்பைத் தொறந்து தொறந்து பார்ப்பார் அண்ணா. யார் யார் போன் வீட்டு வைஃபையில இருக்குன்னு அதுல வரிசையா பேர் வரும். ‘நிம்மி’ன்னு ஒரு பேர், பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளி அணைஞ்சா நான் வெளிய போயிட்டேன்னு அர்த்தம்.

நீல்: தெரியும்.

நிம்மி: போன மாசம் போன்ல சார்ஜ் தீர்ந்து அணைஞ்சுது. நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். என் மணிக்கட்டைப் பார்த்தியே... பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு பக்கத்துவீட்டு செலின் அக்காகிட்ட சொன்னேனே...

நீல்: போதும் நிம்மி. அதை இப்போ சொல்லாதே.

நிம்மி: ஏன், யாரு இருக்கா கேக்கறதுக்கு? இப்போகூட அந்தப் புள்ளி அணைஞ்சுதான் இருக்கு. போன் ஹேங் ஆயிடுச்சு, சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்னு மெசேஜ் போட்டிருக்கேன். அது ரொம்ப நேரம் தாங்காது. இன்னிக்கு அவர் பெங்களூர் போயிருக்கார், சாயங்காலம்தான் வருவார். அதுவரைக்கும் பச்சையா இருந்தா போதும். நான் ரொம்ப தூரம் போயிடுவேன்.

நீல்: இந்தப் பெட்டி அதை எப்படிப் பச்சையாக்கும்?

நிம்மி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குல்ல, அப்படி. பிளக் ஹால்ல இருக்கும், நீ ஒயரை இழுத்துக்கிட்டுப் போய் கிணத்தடியில மோட்டரைப் போடுவ. கரண்ட் நம்ம வீட்டு மீட்டர்லதானே ஓடும்? அதே மாதிரி உன் பக்கம் ஒரு பெட்டி, என் பக்கம் ஒரு பெட்டி. நடுவுல இன்டர்நெட்டுக்குள்ளயே மூடின குழாய் மாதிரி ஒரு வழி. என் போன் இந்த முனையில ஒட்டிக்கும். ஆனா அந்த வெள்ளை ரௌட்டருக்கு, ஹாலுக்குள்ள ஒரு போன் வந்த மாதிரிதான் தெரியும்.

நீல்: நடுவுல யாரும் பார்க்க முடியாதா?

நிம்மி: ஏதோ போகுதுன்னு தெரியும், உள்ள என்னன்னு தெரியாது. ஒண்ணை ஒண்ணு அடையாளம் தெரிஞ்சுக்க ரெண்டு பெட்டிக்குள்ளயும் ஒரு ரகசிய எழுத்துச் சாவி முன்னாடியே போட்டுட்டேன். இப்போ ‘சர்வர்’னு ஒரு இடம் இருக்கும் பாரு. அதை ஆன் பண்ணு.

நீல்: பண்ணிட்டேன்.

நிம்மி: இரு... கூப்பிட்டுப் பார்க்கறேன்... இல்ல. போகல.

நீல்: ஏன்? நான் ஏதாவது தப்பா...

நிம்மி: உன் தப்பு இல்ல. ச்சே, நான் யோசிச்சிருக்கணும். ரெண்டு பெட்டியில ஒண்ணு காத்திருக்கணும் அண்ணா, இன்னொண்ணு கூப்பிடணும். காத்திருக்கறதுக்குப் பேரு சர்வர், கூப்பிடறதுக்குப் பேரு கிளையன்ட். காத்திருக்கற பெட்டிக்கு வெளியேருந்து கூப்பிடற மாதிரி சொந்த நம்பர் வேணும். இந்த வீட்டு லைனுக்கு அது இல்ல. தெருவுல இருக்கற நூறு வீட்டுக்குச் சேர்த்து ஒரே நம்பர் கொடுத்திருக்காங்க. ஹாஸ்டல் போன் மாதிரி. உள்ளேருந்து வெளிய பேசலாம், வெளியேருந்து உன்னை மட்டும் கூப்பிட முடியாது.

நீல்: அப்போ முடிஞ்சுதா?

நிம்மி: திருப்பிப் போடலாம். வீட்டுப் பெட்டி கூப்பிடட்டும், என் பக்கத்துப் பெட்டி காத்திருக்கட்டும். யார் கூப்பிட்டா என்ன, ஒருதடவை பேச்சு ஆரம்பிச்சுட்டா ரெண்டு பக்கமும் பேசலாம்ல. இதுதான் எனக்கு இதுல பிடிச்ச விஷயமே... ஆனா...

நீல்: ஆனா என்ன?

நிம்மி: என் பக்கத்து நம்பரை அந்த வீட்டுப் பெட்டியில எழுதணும்.

நீல்: எழுதினா?

நிம்மி: அவர் வேலை பார்க்கறது எங்க? இன்டர்நெட் லைன் கொடுக்கற கம்பெனியில. எந்த நம்பர் எந்த வீட்டுக் கதவுக்குள்ள போகுதுன்னு அவர் சீட்டுல உட்கார்ந்தா ரெண்டே நிமிஷம். மைசூர் பூரா அவர் இழுத்த ஒயர்தான்.

நீல்: ரெண்டே நிமிஷமா...

நிம்மி: அண்ணா, ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?

நீல்: குனிஞ்சிருக்கேன்ல.

நிம்மி: பி.டி. மாஸ்டருக்கே மூச்சா? பசங்களை மட்டும் மைதானத்துல பத்து சுத்து ஓடவிடுவியே.

நீல்: சொல்லு நிம்மி. நம்பரைச் சொல்லு.

நிம்மி: வேற வழி இருக்கான்னு யோசிக்கறேன்...

நீல்: யோசிக்க நேரம் இல்ல. சொல்லிடு. நான் பெட்டியை... அப்புறம் நானே எடுத்துட்டுப் போயிடறேன். யாரும் பார்க்க மாட்டாங்க.

நிம்மி: சத்தியமா?

நீல்: ...சத்தியமா.

நிம்மி: சரி. முதல்ல சர்வரை ஆஃப் பண்ணு. கீழ ‘கிளையன்ட்’னு இருக்கும், அதை ஆன் பண்ணு. ஒரு நீளமான கட்டம் வருதா?

நீல்: வருது.

நிம்மி: எழுதிக்கோ. இருநூத்தி மூணு, புள்ளி. பூஜ்யம், புள்ளி. நூத்திப் பதிமூணு...

நீல்: மெதுவா. சத்தமா சொல்லு.

நிம்மி: நூத்திப் பதிமூணு, புள்ளி. நாப்பத்தேழு.

நீல்: இன்னொரு தடவை.

நிம்மி: எதுக்கு?

நீல்: தப்பாயிட்டா? ஒரு எண் மாறினா வேற யார் வீட்டுக்கோ போயிடாதா?

நிம்மி: இருநூத்தி மூணு, பூஜ்யம், நூத்திப் பதிமூணு, நாப்பத்தேழு. ஆய்தா, எழுதியாச்சா? ‘கனெக்ட்’ கொடு.

நீல்: கொடுத்தேன். ஏதோ சுத்துது... சிவப்பா எழுத்து வருது நிம்மி! சாவி செல்லாதுன்னு... நம்பர் தப்பா? நம்பர் பொய்யா? சொல்லு!

நிம்மி: கத்தாதே. ஏன் இப்படிக் கத்தற? நம்பர் சரிதான், கூப்பிட்டது இங்க வந்துச்சு. அந்தப் பெட்டியில இப்போ என்ன தேதி காட்டுது? மேல மூலையில பாரு.

நீல்: ரெண்டாயிரத்தி... இது என்ன, மூணு வருஷத்துக்கு முந்தின தேதி.

நிம்மி: அதான். அட்டைப்பெட்டிக்குள்ள கிடந்துச்சுல்ல, கரண்ட் போனா இதோட கடிகாரம் தயாரிச்ச தேதிக்கே திரும்பிடும். அந்தச் சாவிக்கு இந்த நாள்லேர்ந்து இந்த நாள் வரைக்கும்தான் செல்லும்னு ஒரு கணக்கு உண்டு. நான் போன வாரம் பண்ணின சாவி. மூணு வருஷம் முன்னாடி இருக்கற பெட்டிக்கு அது இன்னும் பிறக்கவே இல்ல. அதான் நம்ப மாட்டேங்குது. தேதியை மாத்து.

நீல்: எங்க மாத்தறது?

நிம்மி: ‘நேரம்’னு இருக்கற இடத்துல, லேப்டாப்லேர்ந்து எடுத்துக்கோன்னு ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டு. அவ்வளவுதான். இப்போ மறுபடி கனெக்ட்.

நீல்: சுத்துது... சுத்துது... பச்சை. நிம்மி, பச்சை!

நிம்மி: வந்துடுச்சு. இங்கயும் வந்துடுச்சு! இரு, என் போன் அங்க போய் ஒட்டிக்கிச்சான்னு பார்க்கறேன். வீட்டு வைஃபையில இருக்கற எல்லாமே இப்போ எனக்கும் தெரியும் அண்ணா. குழாய்க்கு ரெண்டு பக்கமும் வாய்தானே... என் போன் இருக்கு. டிவி. வாசக் காமிரா. உன் போன். பிரிண்டர்னு நம்ம பெட்டி. அப்புறம்...

நீல்: அப்புறம்?

நிம்மி: ...

நீல்: நிம்மி? அப்புறம் என்ன?

நிம்மி: ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்கு.

நீல்: சரியா இருக்கா?

நிம்மி: அண்ணா... நீ மட்டும்தானே அங்க இருக்க?

நீல்: ஆமா. நான் மட்டும்தான்.

நிம்மி: சாப்பிட்டியா?

நீல்: என்ன கேள்வி இது, இப்போ...

நிம்மி: சும்னே, சும்மாதான் கேட்டேன். சொல்லேன்.

நீல்: இல்ல. சாப்பிடல... இரு. ஒரு நிமிஷம் இரு. போனை வச்சுடாதே.

நிம்மி: வைக்கல.

நீல்: ...

நிம்மி: கதவுச் சத்தம் கேக்குது.

நீல்: நிம்மி! நிம்மி, இப்போ பேசலாம். ஓடிடு. இருக்கற இடத்தை விட்டு உடனே கிளம்பு!

நிம்மி: அண்ணா...

நீல்: மாப்பிள்ளை இங்கதான் இருந்தார். பெங்களூருக்குப் போகவே இல்ல. நான் சாவி போட்டுத் திறந்தப்போ சோபாவுல உட்கார்ந்திருந்தார். சமையக்கட்டுக் கத்தியை என் விலாவுல வச்சுக்கிட்டு, ‘அவ கூப்பிடுவா, எங்க இருக்கான்னு கேளு’ன்னு... நீ பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டார். உன் கை... வழுக்கி விழுந்தது... எல்லாம். நான் இத்தனை பெரிய உடம்பை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல நிம்மி...

நிம்மி: உன்னை ஏதாவது பண்ணினாரா? ரத்தம் இருக்கா?

நீல்: இல்ல. வெளிய பூட்டிட்டுப் போயிட்டார். கார் கிளம்பிடுச்சு. நம்பரைக் கையிலயே எழுதிக்கிட்டார். பச்சை வந்ததும் சிரிச்சார், நிஜ நம்பர்தான்னு. ஆபீசுக்குத்தான் போவார். ரெண்டு நிமிஷம்னு நீதானே சொன்ன! எழுந்து ஓடுடி!

நிம்மி: பச்சை வந்ததும் லிஸ்ட்ல அவர் போன் பேரும் வந்துச்சு அண்ணா. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்.

நீல்: தெரிஞ்சும் ஏன் உட்கார்ந்திருக்க? உனக்குப் பயமே இல்லையா?

நிம்மி: பயம்தான்... நீ முதல்ல அழாம கேளு. நானும் கூப்பிடறவதான் அண்ணா. என் கையில இருக்கறதும் உன்கிட்ட இருக்கற மாதிரி ஒரு சின்னக் கூப்பிடற பெட்டி. காத்திருக்கற பெட்டி அக்ரஹாரத்துல, வக்கீல் காவேரி மேடம் ஆபீஸ் மேசையில இருக்கு. நீ எழுதின நம்பர் அந்த ஆபீசோடதுதான். நீயும் அங்க கூப்பிடற, நானும் அங்கதான் கூப்பிடறேன். ஒயர் போற இடத்துல ஆள் இருக்கும்னுதான் கிரிஸ் எப்பவும் நினைப்பார். அவர் தேடிக்கிட்டு வருவார்னு மேடத்துக்குச் சொல்லியாச்சு. வரட்டும், சாட்சியோட உட்கார்ந்திருக்கேன்னாங்க. லிஸ்ட்ல அவர் பேரைப் பார்த்ததுமே இன்னொரு போன்ல மெசேஜ் போட்டுட்டேன், உன்னைத் திறந்துவிட அங்கேருந்து ஆளும் போலீசும் வராங்க. அவர் என்னிக்காவது உன்னைப் பிடிச்சு உட்கார வச்சா உன்னால தாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் காலையிலேர்ந்து உன்கிட்டயும் பொய் சொன்னேன். கோவிச்சுக்காதே... நான் எங்க இருக்கேன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்.