சொல்லாம வச்சிருந்தது

இல்லீங்க சாரதாம்மா, டீ அப்புறம் குடிக்கிறேன். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ஆமா, தனியாத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரரை வீட்டுல எம்மக சீதா பாத்துக்கிறா. எப்படிங்க கூட்டிட்டு வர்றது? போன வாரம் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துகிட்டு, நீங்க எங்க எறங்கணும்னு என்னையே கேக்கறாரு.

வேலைய அவரா விடலைங்க. நாப்பத்தெட்டு வயசுல யாரு விடுவா? திருப்பூர்ல இருந்து பிரெஞ்சு பேசுற இந்த ஊருக்குக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாங்களே, சாயத்துக்கு மாஸ்டர்னு! அந்த மனுசன் நீலம் போடுற தொட்டியில செவப்பைக் கொட்டிட்டாரு. ஒரு தடவை இல்ல, திரும்பவும். குடிச்சுட்டு வந்தியான்னு முதலாளி ரெஜிஸ் எல்லார் முன்னாடியும் கத்தி, வேலைய விட்டே அனுப்பிட்டான். சாராயத்தை மோந்துகூடப் பாக்காதவருங்க அவரு!

அப்புறம் டாக்டர் க்ளெமான்கிட்ட அலைஞ்சேன். அவரு பிரெஞ்சுல சொல்வாரு, சீதா எனக்குத் தமிழ்ல சொல்வா. மூளைக்குள்ள ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லுமாம். சொல்லி முடிச்சா அந்தச் சேதி அணைஞ்சுடணுமாம். இவருக்கு அணையாம தப்புத்தப்பா ஓடிக்கிட்டே இருக்குதாம். அதுலயே ரெண்டும் சேர்ற எடம் தேஞ்சு போகுதாம். நரம்பு உசுரோட இருக்கறப்பவே பேச்சு அறுந்துடுதாம். சரி, மருந்து குடுங்கன்னா, இல்லையாம்! இம்புட்டுப் படிச்சு இதுக்கு ஒரு மாத்திரை இல்லையான்னு கேட்டுட்டேன். அவரு பாவம், என்ன பண்ணுவாரு? மெதுவா, இவரோட அப்பாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு.

மாமனாரை நான் பாத்ததே இல்ல. ஊருக்குப் போன் போட்டு நாத்தனார் அலமுவைக் கேட்டேன். ஆமா அண்ணி, அப்பாவுக்கும் இப்படித்தான், பெரியப்பாவுக்கும் இப்படித்தான்னு சாவகாசமாச் சொல்றா. ஏன்டி அப்பவே சொல்லலைன்னா, சொல்லியிருந்தா நீங்க எங்கண்ணனைக் கட்டியிருப்பீங்களான்னு என்னைத் திருப்பிக் கேக்கறா. போனைத் தூக்கிப் போட்டு ஒடைக்கலாம்னு வந்துச்சுங்க.

அழலைங்க. கண்ணு எரியுது, அவ்வளவுதான்.

டாக்டர்கிட்ட போய்ச் சொன்னோம். அப்போ இது ரத்தத்துல வர்றதுன்னாராம். புள்ளைங்களுக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், இப்பவே சொல்ல முடியாதுன்னாராம். அதையும் சீதாதான் எனக்குத் தமிழ்ல சொன்னா. கொரல்கூட நடுங்கலை.

வெள்ளிக்கெழமை அவளுக்கும் உங்க புள்ளைக்கும் நிச்சயம் வச்சிருக்கோம்ல, அதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிடணும்னு அவதான் என்னை அனுப்பினா. தியாகு வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. இன்னொரு தடவை அவ வாயால சொல்ல வேண்டாம்.