தொட்டும் தொடாத ஊசி

— உள்ளே போகவே போகாதா? அப்புறம் அதுக்குப் பேரு ஊசியா, சென்செய்?

— தேவைப்பட்டா ஒரு நூல் அளவு போகும். உனக்கு அதுகூட வேணாம். தோலைத் தொட்டுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். சட்டையைக் கழட்டு தம்பி, ஏன் கல்யாணப் பொண்ணு மாதிரி பொத்திக்கிட்டு நிக்கிற?

— சத்தியமா சொல்றேன், முப்பதாவது மாடியில லிஃப்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவன் நான். ஊசின்னா மட்டும் வாசலைத் தாண்ட மாட்டேன். ரிட்சு, நீயே சொல்லேன்.

— அவர் அப்படித்தாங்க சென்செய். ரெண்டு வருஷமா என்னை உங்ககிட்ட ஊசி வைத்தியத்துக்குக் கூட்டிட்டு வர்றார், ஒரு நாள் உள்ளே வந்ததில்லை. வாசல்ல வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். இன்னிக்கு என்னமோ அவரா கிளம்பி, நானும் வர்றேன்னார்.

— முதுகு பிடிச்சுக்கிச்சு. வேற என்ன.

— சரி, ரெண்டு பேரும் வந்தாச்சு, சந்தோஷம். கென்சாகு, நீ இந்தப் பாயில படு. ரிட்சுகோ கண்ணு, நீ அந்தப் பக்கம் சாஞ்சுக்கோ. நடுவுல திரையை இழுத்துடறேன். முதல்ல உன் வீட்டுக்காரரை முடிச்சுட்டு வர்றேன். கையைக் குடுப்பா. ரெண்டு கையும்.

— ரெண்டுமா? ஆஸ்பத்திரியில ஒண்ணுதானே பிடிப்பாங்க?

— அவங்களுக்கு அவசரம். எனக்கு ரெண்டு மணிக்கட்டுலயும் மூணு மூணு விரல் வைக்கணும். பேசாதே... என்னப்பா இது, கம்பியை முறுக்கி வச்ச மாதிரி இருக்கு நாடி? காலையில என்ன சாப்பிட்ட?

— டீ.

— மத்தியானம்?

— அதான் சொன்னேனே, டீ. பசிக்கலை சென்செய்.

— ஏங்க, சாப்பாடு கட்டிக் குடுத்தேனே?

— வண்டியிலேயே இருக்கு ரிட்சு. சாயங்காலம் சாப்பிடறேன்.

— நாக்கை நீட்டு. ம்... ஓரமெல்லாம் பல்லுத் தடம். ராத்திரி தூங்கறியா இல்லையா?

— ரிட்சுவுக்குக் கரு தங்கிச்சான்னு நாளைக்கு ரிசல்ட்டு. எவன் தூங்குவான்?

— நாளைக்கா? நான் இன்னிக்குன்னுல்ல நினைச்சேன். ஏன் கண்ணு?

— நாளைக்குத்தாங்க சென்செய்.

— ஆமாமா, நாளைக்குத்தான். இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— சரிப்பா, மூச்சை விடு. வயித்தைத் தடவிப் பார்க்கப் போறேன், கூசும். இங்க வலிக்குதா?

— இல்லை.

— இங்க?

— யம்மா! லிஃப்டு ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு அந்த இடம்.

— அங்கதான் மனுசன் கவலையைக் கொண்டுபோய் வைப்பான். நீ மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான். திரும்பிக் குப்புறப் படு. முதுகுல ஆரம்பிக்கிறேன்.

— சொல்லிட்டுப் போடுங்க சென்செய். பாருங்களேன், இப்பவே வேர்க்குது. எண்ணிட்டுப் போடுங்க.

— போட்டாச்சு.

— எப்போ?

— நீ பேச ஆரம்பிச்சப்பவே. இது அஞ்சாவது.

— அடப்பாவமே! ஈ உட்கார்ந்தாக்கூட இதைவிட நல்லாத் தெரியும். இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

— முதுகு இறுகிக் கிடக்குது, அதான் நூல் அளவு நிறுத்தி வைக்கிறேன், அசையாதே. இடுப்புல மட்டும் மாசிபத்திரிப் பஞ்சைக் கொளுத்தி வைக்கிறேன். அரிசி மணி அளவுதான். சுள்ளுன்னதும் எடுத்துடுவேன்.

— ஊதுவத்தி வாசனை அடிக்குது.

— நல்லதுதான். வீட்டுக்குப் போனதும் வெந்நீர்த் தொட்டியில இறங்காதே, இன்னிக்கு ஒரு நாள் சாக்கேயும் குடிக்காதே. உடம்பு அசத்தும், நாளைக்குக் காலையில அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். பயப்படாதே, உள்ளே இருந்த அசதி வெளியே போறதுதான் அது. இப்ப தூக்கம் வந்தா தூங்கு. என்ன?... கென்சாகு?... அட, அதுக்குள்ள குறட்டையா?

— தூங்கிட்டாரா, சென்செய்?

— கேக்கலையா உனக்கு? பாவம், எத்தனை நாள் தூக்கமோ. இப்ப உன்கிட்ட வர்றேன். கையைக் குடு கண்ணு.

— வேணாம்.

— என்ன வேணாம்?

— நாடி பார்க்காதீங்க. தயவுசெஞ்சு.

— ஏன் கையை இழுத்துக்கிற? ஐஸ் மாதிரி இருக்கு கை. என்ன ஆச்சு?

— மெதுவாப் பேசுங்க... விடிகாலையில ரத்தம் வந்துடுச்சு.

— பொறு பொறு. ரத்தம் வந்தாலே போச்சுன்னு இல்லை. சில பேருக்கு லேசா...

— போச்சு சென்செய். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன். நாளைக்கு ரிசல்ட்டுன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன். இன்னிக்குத்தான் நாள். காலையில மாத்திரை மட்டும் வாங்கணும்னு சொல்லி ஆஸ்பத்திரி வாசல்லயே இறங்கிக்கிட்டேன். அவர் வேலைக்குப் போயிட்டார்.

— என்ன சொன்னாங்க?

— இல்லைன்னாங்க. உறைய வச்சிருந்த கருவுல இதுதான் கடைசி. இனிமே என் உடம்புல இருந்து எடுக்கக் கருமுட்டை ஒண்ணும் இல்லையாம். அந்த டாக்டர் நல்லவர். தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டார். அவர் எதுக்குக் கேக்கணும்? நானும் குனிஞ்சேன். நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குனிஞ்சுக்கிட்டே இருந்தோம், பைத்தியக்காரங்க மாதிரி.

— ரிட்சுகோ...

— அவர் எழுந்ததும் உங்ககிட்ட கேப்பார். நாடி எப்படி இருக்குன்னு கேக்காம போக மாட்டார். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— எழுந்திரு, காலை விடு. பொய் சொல்லச் சொல்றியா என்னை?

— இன்னிக்கு ஒரு நாளைக்கு. இந்த ஒரு நாளாவது அவர் அப்பனா இருந்துட்டுப் போகட்டும் சென்செய்!

— சத்தம்... சத்தம். இங்க பாரு. இருக்கு, இல்லைன்னு அடிச்சுச் சொல்ற வித்தை என் விரலுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். சரி, நான் சொன்னேன்னே வச்சுக்கோ. நாளைக்கு என்ன பண்ணுவே?

— நாளைக்கு அவரை அனுப்பிடுவேன்.

— எங்க?

— எங்கேயோ. விவாகரத்து கேட்டு அனுப்பிடுவேன். குறை என்கிட்டதானே? அவருக்கு இன்னும் ஆகும். வேற ஒருத்தி பெத்துக் குடுப்பா. நான் வேலை செய்யிற பள்ளிக்கூடத்து சமையல்கட்டுக்குப் பக்கத்துல ரூம் கிடைக்கும்.

— அவன்கிட்ட கேட்டியா இதை?

— கேட்டா வேணாம்பார். அவர் அப்படித்தான் சொல்வார். சொல்லிட்டு, பார்க்குல அடுத்தவங்க புள்ளை ஊஞ்சலாடறதை நின்னு பார்ப்பார். அந்த முகத்தை இன்னும் இருபது வருஷம் என்னால பார்க்க முடியாது சென்செய்.

— வேற எதையோ மனசுல வச்சுக்கிட்டுப் பேசற நீ. ரூம் மட்டும் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— ...மத்தியானம் டிராம் தண்டவாளத்துக் கேட்டுகிட்ட நின்னேன். டிராம் போய்க் கேட்டு ஏறினப்புறமும் நான் போகலை. மறுபடியும் இறங்கிச்சு, ஏறிச்சு. பின்னாடி காய்கறி வண்டிக்காரர் மணி அடிச்சதும்தான் நகர்ந்தேன். ஒண்ணும் செய்யலை. சும்மா நின்னேன்.

— அடி கண்ணு...

— வீட்டுக்கு வந்தா அவர் போன் பண்ணினார். வேலை சீக்கிரம் முடிஞ்சுது, வா, ஊசிக்கார அம்மாகிட்ட போயிட்டு வரலாம்னார்.

— நல்லவேளை கூப்பிட்டான். படு. இல்லை, பேசாதே, படு. இத்தனை நாளும் வரப்போற புள்ளைக்காகத்தான் உன்னைத் தொட்டேன். வயிறு வயிறுன்னே பார்த்தேன். இன்னிக்கு உனக்காகத் தொடறேன். பாதத்தை நீட்டு.

— வேணாங்க. எதுக்கு இனிமே?

— நடக்கிற கால் இதுதானே? அதுக்குத்தான். ஒண்ணும் குத்தலை. வெள்ளி ஊசியை வச்சுக்கிட்டு சும்மா பிடிச்சிருக்கேன். சூடு ஏறுதா?

— ...தெரியலை.

— அவசரமில்லை. இருக்கேன். ஏறுறவரைக்கும் பிடிச்சிருப்பேன்.

— கட்டைவிரல்கிட்ட... லேசா... சென்செய், எனக்கு அழுகை வருது. அவர் முழிச்சுக்கப் போறார்.

— முழிச்சா முழிக்கட்டும். அழு.

— முடியலை சென்செய்... என்னால முடியலை... பேருகூட யோசிச்சு வச்சிருந்தோம்...

— ம்... ம்... விடு... கண்ணு, ஒரு நிமிஷம். குறட்டைச் சத்தம் நின்னு போச்சே?

— ஐயோ.

— சென்செய். அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்களேன். முதுகு பூரா ஊசி, கை எட்டலை.

— ஏங்க! எப்ப முழிச்சீங்க?

— நான் தூங்கவே இல்லை ரிட்சு.

— அப்ப எல்லாத்தையும் கேட்டுட்டீங்க.

— டிராம் கேட்டு விஷயத்தையும் விவாகரத்தையும்தான் புதுசாக் கேட்டேன். மத்தது காலையிலயே தெரியும்.

— காலையிலயா? எப்படி? நீங்கதான் வேலைக்குப் போயிட்டீங்களே!

— போகலை. ஆஸ்பத்திரி வாசல்ல நீ பூந்தொட்டி ஓரமா உட்கார்ந்து அழுதியே, அப்ப ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டிக்குள்ள நானும் உன்னைப் பார்த்துக்கிட்டே அழுதுக்கிட்டிருந்தேன்.