ஓய்வு மணி பத்து நிமிஷம்

— அதுக்குள்ள ஒரு நிமிஷம் போயிடுச்சு டீலியா. இன்னும் ஒம்போதுதான் இருக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காம, விஷயத்தைச் சொல்லித் தொலை.

— இரு ஆல்பினா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.

— மூச்சை அங்கே மேஜையில உக்காந்து விட்டுக்கோடி. பேச முடியாதபடி ஆளுக்கொரு மூலையிலதான் உக்கார வச்சிருக்கானே அந்த வாட்சுக்கார மேஸ்திரி, டிக்டிக்! ஓய்வு மணி அடிச்சா பேசியே ஆகணும். சுவர்ல அட்டையே ஒட்டியிருக்கான், பார்க்கலே? 'பெண்கள் இந்தப் பத்து நிமிடத்தில் நடக்கலாம், பேசலாம்.' பேசாம நின்னா அதுக்கும் அபராதம் போட்டுடுவான்.

— அவரை அப்படிச் சொல்லாதே. காதுல விழுந்துடும்.

— ஓஹோ, 'அவரா'? எப்பலேர்ந்து இந்த மரியாதை? வாட்சைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன், காலையில உன் பக்கத்துல வந்து நின்னு குசுகுசுன்னு பேசினான். நாப்பது பொண்ணுங்க பார்த்தோம்.

— மாதாவே! நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லைடி.

— கட்டிக்கோ, நான் வேண்டாங்கலை. முத்தம் கொடுக்கறப்போ கூட வாட்சை அமுக்குவான், அவ்வளவுதானே. 'இடது கை தோளில், ரெண்டு செகண்டு. வலது கை இடுப்பில், ஒண்ணரை செகண்டு. வீண் அசைவைத் தவிர்க்கவும்.'

— சிரிக்க வைக்காதே ஆல்பினா. நான் அழறதுக்கு வந்திருக்கேன்.

— அழறதுக்கு எத்தனை நிமிஷம்? நாலு போதுமா? அப்புறம் நான் ரொட்டி திங்கணும். வெல்லப்பாகு தடவிக் கொண்டாந்திருக்கேன், உனக்கும் பாதி.

— எனக்கு எதுவும் இறங்காது.

— முன்னெல்லாம் முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு உக்காந்து நாள் பூரா பேசுவோம். கை பாட்டுக்கு இரும்புக் குண்டை உருட்டிக் கீறல் பார்க்கும், வாய் பாட்டுக்கு ஊர் வம்பு பேசும். ஒரு கதையைக் காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் முடிப்பேன். இப்போ பாரு, உன் சோகத்தைக்கூடத் தந்தி மாதிரி கேக்க வேண்டியிருக்கு.

— முன்னெல்லாம் பத்தரை மணி நேரம் உக்காந்தோம். இப்போ எட்டரைதான், அதே கூலி. அதையும் சொல்லு.

— சரி, அது அவன் புண்ணியம், இல்லைங்கலை. ஆனா நூறு பேரா இருந்தோம், இப்போ தலையை எண்ணிப் பாரு. ஊரே சைக்கிள் பைத்தியம் பிடிச்சுச் சுத்துது. அந்தச் சக்கரத்துக்குள்ள ஓடற குண்டைப் பார்க்கற நமக்குத்தான் ஓட்டம் நின்னுபோச்சு.

— அதைத்தான்டி சொல்ல வந்தேன். காலையில அவர் வந்து சொன்னது அதுதான். 'இன்னிக்கு ஒருத்தியைக் குறைக்கணும், உன் விரல் மெதுவா ஓடுது. இன்னிக்கு ஒரு நாள் சரிபார்க்கற மேஜையில உக்காரு. தேறினா இரு. இல்லைன்னா சாயங்காலத்தோட சரி'ன்னுட்டார்.

— அதுக்கா இந்த மூஞ்சி? நல்ல விஷயம்தானே! நீ நிதானமா பார்க்கறவ. தேறிடுவே.

— முதல்ல எனக்கு வந்த பெட்டி யாரோடது தெரியுமா?

— யாரோடது?

— உன்னோடது.

— அடி சக்கை! என் பொழைப்பு உன் கையிலயா? நல்லா உபசரிக்கணும் போலிருக்கே. இந்தா, பெரிய பாதியை நீயே எடுத்துக்கோ.

— விளையாடாதே! உன் பெட்டியில அவரே எண்ணிக் கெட்ட குண்டைக் கலந்து விட்டிருந்தாராம். கீறினது, சொட்டை விழுந்தது. நீ காந்தத்தால எடுத்துப் போட்டது போக, உன் கண்ணுக்குத் தப்பி நல்லதோட போனதை நான் பிடிக்கணும். ரெண்டும் சேர்ந்து அவர் எண்ணின கணக்குக்கு ஒத்து வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் போயிடணும்.

— சரி, எத்தனை பிடிச்சே?

— ஆறு.

— அஞ்சு வரைக்கும்தானே விடலாம்?

— ஆமாம்டி. அஞ்சுக்கு மேல விட்டவளுக்கு அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுடும். ஆறுன்னு எழுதினா நீ போறே. அஞ்சுன்னு எழுதினா நான் போறேன். இதோ பாரு, தாளை இன்னும் வெறுமனே வச்சிருக்கேன்.

— உங்கப்பா இப்போ எழுந்து நடக்கறாரா?

— எங்கே! முதுகை நிமிர்த்தவே முடியலை. ஏன் இப்போ அதைக் கேக்கறே?

— சின்னதுங்க ரெண்டும்?

— பள்ளிக்கூடத்துக்குத்தான் போகுதுங்க. பேச்சை மாத்தாதே. நான் அஞ்சுன்னு எழுதப்போறேன், முடிவு பண்ணிட்டேன்.

— உதைபடுவே. ஆறுன்னு எழுது. பாஸ்டன்ல எங்கக்கா தொப்பிக்கடை போட்டுட்டு, 'வா வா'ன்னு மூணு கடுதாசி போட்டுட்டா. அங்கே போனா நாள் பூரா வாயாடலாம். எனக்கு அதுதான் லாயக்கு.

— பொய் சொல்றே. உங்கக்காவும் நீயும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டதில்லை. என்னால உன் பேரை எழுத முடியாதுடி. ஏன் ஆல்பினா, இந்த ஷெட்டுலயே உன் கண்ணுக்கு மிஞ்சின கண்ணு கிடையாது. மயிரிழைக் கீறலைக்கூட விட மாட்டியே. எப்படிடி ஆறை விட்டே?

— ஆறு இல்லைடி மக்கு, ஏழு! காலையில அவன் குசுகுசுத்தது என் காதுலயும் விழுந்துச்சு; போறது நானா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணையும் பார்த்து, எண்ணி, உனக்காகத்தான் விட்டேன். இன்னும் ஒண்ணு பெட்டிக்குள்ளயே கிடக்கு, மணி அடிக்கறதுக்குள்ள ஓடிப்போய் எடு!