அழுகிற வேஷம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

"நான் அழுத அழுகையில பொணமே சிரிச்சிருச்சுடி."

"எந்த வூட்டுலக்கா?"

"சினிமாவுலடி. இத்தன வருசம் நாடக மேடையில காமெடி பண்ணிட்டு, மொத தடவையா சினிமாவுல அழுவுற வேசம். பழக்கதோசத்துல, பொணத்து மேல கெடந்த துண்டுலயே மூக்கச் சிந்திட்டேன்."

"ஐயோ! அனுப்பிட்டாங்களா?"

"அப்படித்தான் நெனச்சு மூட்டையக் கட்டுனேன். டைரக்டரு சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடச்சுக்கிட்டே ஓடியாந்தாரு. 'கதைய மாத்திட்டேம்மா, படம் பூரா நீங்க வரணும்'னாரு."

"அப்ப அந்தப் பொணம்?"

"அவர எழுப்பி உக்கார வச்சாச்சு. இன்னிக்கு அரியலூர்ல ஷூட்டிங். அவருதான் எனக்குப் புருசன்."