மூர்த்தி கிளினிக்கில் சிவப்பு ஊசி

— நீங்க என்ன வேணா சொல்லுங்க சிஸ்டர், ஊசி போடாம அனுப்புனா இந்த ஊருல ஒருத்தன் கூட மறுபடி என் படியேற மாட்டான்.

— ஏறவே வேண்டாம்ங்கேன். மாட்டுக்குச் சினை ஊசி போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நீரு. மந்திரமூர்த்தின்னு பேரு வச்சதுக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டியிருந்தாலும் யாருக்கும் கெடுதல் இல்ல. எப்ப மாட்ட விட்டுட்டு மனுசனுக்கு மாறுனீரு?

— அது வந்து சிஸ்டர், ஊருல மாடு குறைஞ்சு போச்சு.

— அதான் மனுசனையும் குறைக்க வழி பண்ணுதீராக்கும்.

— அப்படிச் சொல்லாதீங்க. நான் ஊசி போட்ட எருமை ஒண்ணாவது சினை தப்பிருக்கா, கேட்டுப் பாருங்க.

— எருமைக்கிட்டப் போயா?

— வெயில்ல நின்னுக்கிட்டே வையாதீங்க சிஸ்டர். உள்ள வந்து, ஃபேனுக்கு அடியில உக்காந்து வையுங்க.

— நான் உக்கார வரல. அங்க துணைச் சுகாதார நிலையத்துல எட்டுக் கர்ப்பிணிக எனக்காகக் காத்துக் கிடக்காவ. சுடலைமாடன் பெரியப்பா மருமக பொன்மணி போன்ல அழுதா. மூர்த்தி போட்ட ஊசி சீழ் கட்டி, மாமா நாலு நாளாக் காய்ச்சல்ல அனத்துதாவ, இன்னைக்கும் அவர்கிட்டயே போயிருக்காவன்னு. அதான் வண்டிய நேரா இங்க விட்டேன். அந்தா, உம்ம பெஞ்சில குப்புறக் கிடக்காரே, அவருதான?

— அவருதான். மாடண்ணே, முழிச்சிருக்கீரா? நர்சம்மா வந்திருக்காவ.

— முழிச்சுத்தான் கிடக்கேன் டாக்டரே. சீக்கிரம் ஒரு ஊசியக் குத்தி விடும். உளுந்துக் காட்டுல களை மண்டிக் கிடக்கு.

— கேளுங்க பெரியப்பா. சீழ் வச்சதே ஊசியால. அதுக்கு மருந்தும் ஊசியா? அத ஆஸ்பத்திரியில கீறி விடணும்.

— நீ சும்மா இரு தாயி. டாக்டருக்குக் கைராசி உண்டு.

— கைராசி! கொரோனாவுக்குத் தடுப்பூசி போட நான் பெட்டியத் தூக்கிட்டு வந்தப்ப, மக்காச்சோளக் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்ச ஆளுதான நீங்க? வரப்புல நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட கட்டிப் போச்சு. அரசாங்கம் போட்டா விசம், மூர்த்தி போட்டா அமிர்தமா?

— உன் ஊசி நோவு வராம இருக்கப் போடுதது தாயி. வராத நோவுக்கு எவனாவது கையக் காட்டுவானா?

— பாத்தீங்களா சிஸ்டர், மாடண்ணனுக்கு எவ்வளவு விவரம்!

— விவரம் இருக்கட்டும். எல்லாருக்கும் போடுதீரே, அந்தச் சிவப்பு ஊசியில என்ன இருக்கு?

— பவரு.

— நான் மருந்துப் பேரக் கேட்டேன்.

— அது வந்து சிஸ்டர்... பவருதான். நீங்களே யோசிங்க. டிராக்டருக்குள்ள டீசல் எப்படிப் போகுது? இஞ்செக்டர் வச்சுப் பீச்சித்தான? கரண்டியால ஊத்துனா வண்டி ஓடுமா? மேலத்தெரு தண்ணித்தொட்டி விரிசல் விட்டுச்சே, இஞ்சினியரு என்ன செஞ்சாரு? சுவத்துல ஓட்டையப் போட்டு, ஊசி கணக்கா ஒரு குழாயச் சொருகி, சிமெண்டுப் பால உள்ள ஏத்துனாரு. இரும்பும் காரையுமே ஊசி கேக்குத காலம். மனுச உடம்பு கேக்காதா?

— அந்தத் தொட்டி இன்னமும் ஒழுகுதே.

— அது சிமெண்டோட குத்தம்.

— இங்க சீழ் வச்சது யாரு குத்தம்? டிராக்டர் மெக்கானிக்கு இஞ்செக்டரக் கழட்டிச் சுத்தம் பண்ணி, சரியாப் பீச்சுதான்னு பாத்துட்டுத்தான் மாட்டுவாரு. நீரு ஒரு ஊசிய எத்தன பேருக்குப் போடுதீரு?

— வெந்நியில போட்டுப் போட்டுத்தான் எடுக்கேன்.

— எந்த வெந்நி, வீட்டுல கருப்பட்டிக் காப்பிக்கு வச்ச வெந்நியா? ஒரு ஆளுக்கு ஒரு ஊசி, குத்துனதும் அழிச்சுப் போடணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடம்பூர் ஸ்டேஷன்ல போளி விக்கிற மாதிரி, வாரவன் போறவனுக்கெல்லாம் சூடா ஒண்ணு! தலவலிக்குச் சிவப்பு, வயித்துப்போக்குக்குச் சிவப்பு. காளிராஜ் பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்தி முகம் தெளியணும்னு கேட்டானாம், அதுக்கும் சிவப்பு!

— காளிராஜுக்கு மஞ்சள்தான் போட்டேன். கல்யாணம் முடிஞ்சுதா இல்லையா?

— உம்மச் சொல்லிக் குத்தமில்ல. தர்பூசணிக்கு ஊசி போட்டுச் சிவப்பாக்குதாவன்னு போன்ல வந்த வீடியோவ நம்பி, பழத்தத் தொட மாட்டேங்காவ இந்த ஊருக்காரவிய. அதே ஆளுக இங்க வரிசையில நின்னு, என்னன்னே தெரியாத சிவப்பச் சொந்த உடம்புல ஏத்திக்கிடுதாவ!

— பழத்துக்குக் கைராசிக்காரன் போடலயே தாயி.

— பெரியப்பா, நீங்க பேசாம இருங்க. மூர்த்தி அண்ணாச்சி, கேளும். நான் இன்னைக்கே மேல எழுதிப் போட்டா, நாளைக்கு உம்ம கதவுல சீல் தொங்கும்.

— சிஸ்டர், சிஸ்டர்... நான் பிள்ளகுட்டிக்காரன்.

— அப்ப உம்ம வாயாலயே அவர்கிட்டச் சொல்லும். நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. ஊசிக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்னும் சொல்லும்.

— என் பேரு கெட்டுப் போகுமே.

— சீழ் ரத்தத்துல ஏறி அவரு போய்ச் சேந்துட்டா, பேரு நல்லா இருக்குமா?

— மாடண்ணே...

— என்ன டாக்டரே, குரலு ஒரு மாதிரி இருக்கு?

— டாக்டருன்னு சொல்லாதேயும். அது வந்து... சிவப்பு ஊசியில சத்து மருந்து கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் தண்ணி. ஊசியும் புது ஊசி இல்ல. அதுலதான் உமக்குச் சீழ் வச்சிட்டு. என்னால இத ஆத்த முடியாது. நீரு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிரும்.

— தண்ணின்னு எனக்குத் தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேயா குத்திக்கிட்டீங்க பெரியப்பா?

— அவரு கலக்குததப் பாத்துக்கிட்டுத்தான கிடக்கேன். என்னமோ போ. போன மாசம் இடுப்பு வலின்னு டவுன்ல ஒரு டாக்டரப் பாக்கப் போனேன். காலையில போனவன மத்தியானம் கூப்பிட்டாவ. கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே எத்தன நாளான்னு கேட்டாவ. நான் வாயத் தொறக்குமுன்ன சீட்டு வந்துட்டு. இவரு தண்ணியத்தான் போடுதாரு. ஆனா போடுததுக்கு முந்தி, எங்கன வலிக்குதுன்னு அமுக்கிப் பாப்பாரு. என்ன சாப்பிட்டீருன்னு கேப்பாரு. எம் பொண்டாட்டி போனதுக்கப்புறம் அதக் கேட்ட ஆளு இவருதான்.

— அதுக்காகச் சீழ வச்சுக்கிட்டு அலைய முடியுமா? நூத்தியெட்டுக்குச் சொல்லப் போறேன். வந்ததும் பேசாம ஏறுங்க.

— ஏறுதேன். இவரே சொல்லிட்டாரு, ஏறாம என்ன? டாக்டரே, நீரும் கூட வாரும்.

— நானா? யாரு போட்ட ஊசின்னு அங்கன கேப்பாவளே மாடண்ணே.

— மாடு முட்டிட்டுன்னு சொல்லிருவோம்.

— சிரிக்காதீங்க ரெண்டு பேரும்! அங்க உள்ளத உள்ளபடி சொல்லணும். நானே சீட்டு எழுதித் தாரேன், அத டாக்டர்கிட்டக் குடுங்க. பேரு சுடலைமாடன். வயசு அறுபத்திரண்டு. நாலு நாளாக் காய்ச்சல். ஊசி போட்ட இடத்துல சீழ்க்கட்டி...

— எந்தப் பக்கம்னு எழுதுவ தாயி? வந்ததுல இருந்து வாசப்படியிலயே நின்னு இவர வைதுக்கிட்டு இருக்க. எம் புண்ண நீ இன்னும் ஒரு தடவ கூடப் பாக்கலயே.