நாலு நட்டும் ஒரு போல்ட்டும்

ஸ்டேஷன் வாசலில் நிற்கிற உங்கள் ஜீப் பின்னால் இடது பக்கம் இறங்கியிருக்கிறது சார். என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். கமான் கட்டில், அந்தப் பட்டை ஸ்பிரிங்கில், ஒரு பட்டை உடைந்திருக்கும். அவசரம் ஒன்றுமில்லை. பட்டையின் குணமே அதுதான், ஒன்று போனாலும் மற்றவை தாங்கிப் பிடித்து வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனாலும் மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். நானே மாற்றிக் கொடுப்பேன், இனி அதற்குத் தோது உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரைட்டர் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். பெயர் மாரிச்சாமி. அப்பா காலத்தில் பல்லடம் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். குந்தாவுக்கு மேலே ரோட்டோரம் ஒர்க்ஷாப். இந்தப் பக்கம் ஓடுகிற ஜீப்புகளில் முக்கால்வாசி என் குழிக்கு மேலே வந்து நின்றவைதான். பின்பக்கம் பட்டை போடலாமா, காயில் போடலாமா என்று கேட்டு எஸ்டேட் துரைமார்களே ஆள் அனுப்புவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். பட்டை.

உங்களுக்கும் விளங்க வேண்டும், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. பட்டைக் கட்டு என்பது நீளமான இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. பாரத்தையும் அதுவே சுமக்கும், ஆக்ஸிலையும் இடம் விட்டு நகராமல் அதுவே பிடித்துக்கொள்ளும். காயில் ஸ்பிரிங் பாரத்தை மட்டும்தான் சுமக்கும். ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்த அதற்குத் தனியாகக் கம்பிக் கைகள் வேண்டும். பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரி, தான் உட்கார்ந்துகொண்டு மற்ற வேலைக்கெல்லாம் ஆள் வைக்கும். சொகுசு உண்டு, மறுக்கவில்லை. பள்ளத்தில் சக்கரம் நன்றாக இறங்கி ஏறும், முதுகு தப்பிக்கும். ஆனால் நாம் ஜீப்பை வைத்திருப்பது மூட்டை ஏற்றவா, முதுகைக் கொஞ்சவா?

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் இரண்டு டீ குடித்தால் பொறைக்கு மிஞ்சாது என்ற காலம். தேயிலைக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு டீ குடிக்க யோசித்தோம். எங்களுக்கு மேலே இருந்த எஸ்டேட்டை மூடினார்கள். துரை கையை விரித்தார். போகும்போது லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு ஷெட்டில் கிடந்த பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். சிலோனிலிருந்து வந்து குடியேறிய ஜனங்கள். இவ்வளவு காலம் கொழுந்து பறித்த பெண்கள் விடிந்ததும் அந்த ஜீப்பின் பின்னால் அடைந்துகொண்டு கேரட் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். ஜெகதீசன் ஓட்டினான். ரஞ்சனி அவன் மனைவி. பின்னால் உட்கார்ந்து போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய்.

ஒருநாள் ஜீப்பின் பின்பக்கப் பட்டைகள் இரண்டு பக்கமும் விட்டுப்போயின. எல்லோருமாகப் போட்டு வைத்திருந்த பணம் ஒரு தடவை செலவு செய்யத்தான் காணும். மறுபடி பட்டையா, இல்லை காயிலுக்கு மாற்றிவிடுவதா? மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். மரியாதையான ஜனங்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது உங்களுக்குச் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னேன். பெரியவர் வீரையா தலையாட்டிக்கொண்டு கேட்டார். முடித்து உட்காரப் போகும்போது ரஞ்சனி எழுந்தாள்.

"பட்டை அவ்வளவு நல்லதுன்னா, டிரையலுக்கு வரயில சாக்குக்குள்ள என்னத்தண்ணே வச்சி உக்காருறீங்க?"

டிரையல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அது சட்டம் மாதிரி. வண்டியில் எவன் கை வைத்தானோ அவனே பின்னால், ஆக்ஸிலுக்கு நேர் மேலே உட்கார்ந்து, அணை வளைவு வரைக்கும் இறங்கி ஏறி வர வேண்டும். அவன் முழுசாகத் திரும்பி வந்தால்தான் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு டிரையலும் தவறவிட்டதில்லை. டூல் வைத்திருக்கிற சாக்கை அடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். அதில் டூல் கிடையாது. தலகாணி.

மூலம் சார். டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.

"சும்மா இரு புள்ள," என்றான் ஜெகதீசன்.

"நா ஏன் சும்மா இருக்கணும்? அன்னைக்குச் சாக்கு அவுந்து கெடந்துச்சு, பூப்போட்ட ஒறைய எங்கண்ணால பாத்தேன். அவரு மெத்தையில உக்காந்துக்கிட்டு பட்டைதான் நல்லதுன்னு சொல்லுவாரு. தெனமும் கேரட் காடு வரைக்கும் குத்துப்பட்டுப் போற எங்க இடுப்பு என்ன இரும்பா?"

சிரித்தார்கள். வீரையா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் காயிலுக்குத்தான் உயர்ந்தன. மரியாதை கருதி என்னைப் பார்க்காமல் தூக்கினார்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் ஊருக்குச் சிரிப்பு பஞ்சமாக இருந்த காலம் அது, கிடைத்ததை யாரும் விடவில்லை. பஸ்ஸில் வழி கேட்கிறவனுக்குக் கண்டக்டர் "தலகாணி ஒர்க்ஷாப் தாண்டி எறங்குங்க" என்றான். என் ஒர்க்ஷாப் பெயர்ப் பலகைக்கு என் அப்பா கையால் பெயிண்ட் அடித்தார் சார். எனக்கு வலித்தது. மூலத்தைச் சொல்லவில்லை.

என் மனைவி பாலாமணி நல்ல யோசனைதான் சொன்னாள். "ஏனுங்க, உட்டுத் தள்ளுங்க. நாலு நாளைக்குச் சிரிப்பாங்க, அப்பறம் வேற ஆளப் பாத்துச் சிரிக்கப் போயிருவாங்க." நானும் சரியென்றுதான் சொன்னேன்.

காயில் மாற்றும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ஜெகதீசன் கோயம்புத்தூர் போய் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஸ்பிரிங்கும் கம்பிக் கைகளும் தேடி எடுத்து வந்தான். நான் பிராக்கெட் வைத்து வெல்டிங் அடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. மனசுக்குப் பிடிக்காத வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்பதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் குழியில் இறங்கி ஒரு தடவை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இது இப்படியே ஓடிவிட்டால், மலையில் உள்ள எல்லா ஜீப்பும் காயிலுக்கு மாறும். இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் மூலக்காரன் பேச்சாகிப் போகும். இடது கம்பிக் கையை ஆக்ஸிலோடு பிடிக்கிற போல்ட்டைக் கழற்றினேன். அந்த இடத்தில் ஒரு தேய்ந்த போல்ட்டை நட் போடாமல் செருகி, மேலே கிரீஸ் அப்பினேன். காயிலை நம்பக் கூடாது என்று காட்டுவதுதான் நோக்கம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

சாயங்காலம் சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஜெகதீசன் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து, "ஏறுங்கண்ணே," என்றான்.

முட்டி பிடித்திருக்கிறது, ஏற முடியாது என்றேன். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மெக்கானிக் ஏறாத வண்டியை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அங்கேதான் நான் தப்பு செய்தேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அதை வைத்துத்தான் உங்களுக்கு என் மேல் சந்தேகம் வந்ததாம். நியாயம்தான்.

"அண்ணனுக்கு முடியலன்னா நா உக்காருறேன். எங்க இடுப்புக்குத்தான செஞ்சது," என்று ரஞ்சனி ஏறினாள்.

அவள் ஏறுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேறு யாராவது ஏறுவார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆக்ஸிலுக்கு நேர் மேலே உட்கார்ந்தால்தான் சரியாகத் தெரியும் என்று சொல்லி நகர்ந்து உட்காரச் சொன்னேன். டிரையல் என்றால் முறைப்படி நடக்க வேண்டும். உள்ளே போய்த் தலகாணியை எடுத்துவந்து நீட்டினேன். இம்முறை சாக்கில்லாமல், எல்லோர் முன்னாலும்.

அவள் அதைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "காயிலுக்கு எதுக்குண்ணே தலகாணி, நீங்களே வச்சிக்கங்க," என்றவள், குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னைக்கு வாய் நீளமாப் பேசிப்புட்டேன். மனசுல வச்சிக்காதீங்கண்ணே," என்றாள்.

வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அதற்குள் ஜெகதீசன் கியர் போட்டுவிட்டான். நான் கையைத் தூக்கினேன். எதற்குத் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அவள் பின்னாலிருந்து கையாட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன்.

அணைக்கு முந்தின வளைவில் போல்ட் நழுவியிருக்கிறது. கம்பிக் கை ஒரு பக்கம் விட்டதும் ஆக்ஸில் திரும்பிக்கொண்டது. ரோடு வளைந்தது, ஜீப் வளையவில்லை. முன்பக்கம் ஒரு சவுக்கு மரத்தில் மாட்டி நின்றது. ஜெகதீசனுக்குக் கால் போனது. பின்பக்கம் சரிவில் தூக்கியடித்து ரஞ்சனி கீழே தேயிலைக்குள் விழுந்தாள். எஸ்டேட் மூடியதிலிருந்து கவாத்து வெட்டாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்த தேயிலை. உள்ளே தேடி எடுக்க ரொம்ப நேரமாகிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். தேயிலைக்கு விலை இருந்திருந்தால் செடியை வெட்டி வைத்திருப்பார்கள், விழுந்ததும் கண்ணில் பட்டிருப்பாள். அதற்கும் என்னையே கேட்பீர்களா?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஜெகதீசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நா கொஞ்சம் வேகமா எறக்கிட்டேன் போலண்ணே. நல்லவேளை நீங்க ஏறல, ஒங்களையும் கொன்னிருப்பேன்," என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. பொய்யில்லை. நல்ல பையன். பட்டையே போடச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தபோது போல்ட் போட்டு வைக்கிற டின்னைக் கவிழ்த்து, நான் கழற்றிய அந்த போல்ட்டை எடுத்தீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சைஸ் பார்த்துப் போட்டு வைத்திருந்தேன். வலது பக்கத்து போல்ட்டோடு அச்சாகப் பொருந்தியது. ஏன் ஆற்றில் எறியவில்லை என்று கேட்டீர்கள். மரையில் ஒரு கீறல் இல்லாத போல்ட் சார். இந்தக் காலத்தில் அதை எறிய எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்?

ஆகவே, ஆமாம், நான்தான் கழற்றினேன். அவள் ஏறியதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒன்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், கோர்ட்டில் கேட்பார்கள். அதே ஜீப்பில் பட்டைக் கட்டு இருந்திருந்தால், ஒரு பக்கத்தை அவிழ்க்கவே நாலு நட்டு கழற்ற வேண்டும். அதுவும் நான் ஸ்பானரில் குழாய் மாட்டி முறுக்கிய நட்டு. ஒவ்வொன்றுக்கும் படுத்து, உதைத்து, வியர்த்து, மூன்றாவது நட்டு வருவதற்குள் எனக்குக் கோபம் போயிருக்கும், மேலே ஏறி வந்து சோறு தின்றிருப்பேன். காயிலுக்கு ஒரே போல்ட். நினைத்து முடிப்பதற்குள் கையில் வந்துவிட்டது. கூட்டத்தில் அன்றைக்கே சொன்னேன், ஆபத்தென்று. அந்தப் பெண்தான் கேட்கவில்லை.